கண்ணைச் சிமிட்டச் சொன்ன பேங்க்

இன்னைக்கு காலையில ஒரு பேங்க்ல, கண்ணு தெரியாத மனுசனைப் பாத்து "கண்ணைச் சிமிட்டுங்க சார்"னு சொன்னாங்க.

சொன்னது மெஷின் இல்ல. ஆளு.

வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. அதான் கடையில உக்காந்து இதை டைப் பண்ணிட்டு இருக்கேன்.

என் பிரண்டு பாண்டி. கவர்மெண்ட் ஸ்கூல்ல வரலாறு வாத்தியார். தெப்பக்குளம் பக்கத்துல வீடு. பொறந்ததுல இருந்தே பார்வை கிடையாது, ரெண்டு இமையும் தெறக்காது.

ஆனா போனை என்னைய விட நல்லா யூஸ் பண்ணுவான். ஸ்கிரீன்ல இருக்கறதை போனே வாசிச்சுச் சொல்லும்ல, அதைக் கேட்டுக்கிட்டே பணம் அனுப்புவான், டிக்கெட் போடுவான். (என் கரண்ட் பில்லையும் அவன்தான் கட்டுவான். எனக்கு பாஸ்வேர்டு மறந்து போயிரும்.)

அப்பேர்ப்பட்டவன் போன வாரம் போன் பண்ணி, "மாப்ள, என் அக்கவுண்டை லாக் பண்ணிட்டாய்ங்கடா"ன்னான்.

கேஒய்சி, அதான் நாம யாருன்னு காட்டுற விவரம், அதைப் புதுப்பிக்கணுமாம். ஆப்பைத் தெறந்தா, 'முகத்தை வட்டத்துக்குள்ள காட்டுங்க, இப்ப கண்ணைச் சிமிட்டுங்க'ன்னு சொல்லுதாம்.

இவன் எங்க போயி சிமிட்டுறது?

திரும்பத் திரும்பப் பாத்திருக்கான். கடைசியில 'சரிபார்ப்பு தோல்வி'ன்னு மொத்தமா பூட்டிருச்சு. ஏடிஎம் கார்டும் வேலை செய்யல. சம்பளம் உள்ள விழுந்து கிடக்கு, தொட முடியல. வாழ்க்கையில மொத தடவையா கூட வேலை பாக்குற வாத்தியார்ட்ட கைமாத்து வாங்கியிருக்கான்.

கஸ்டமர் கேர்ல, "ஆப்ல ட்ரை பண்ணுங்க சார்"னு சொல்லிட்டாங்களாம்.

சரி, நேர்லயே போயிருவோம்னா, தெப்பக்குளத்துல இருந்த பிராஞ்சை இழுத்து மூடியாச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையத்துல இருக்கறதோட சேத்துட்டாங்களாம். எல்லாரும் ஆப்புக்கு மாறிட்டாங்களாம், கூட்டமே வரலையாம்.

காலையில என் ஜெராக்ஸ் கடைய மூடிட்டு அவனைப் பைக்ல கூட்டிட்டுப் போனேன்.

கவுண்டர்ல ஒரு மேடம். நான் வெவரம் சொன்னேன்.

"அது ஆப்லயே பண்ணிக்கலாமே சார்."

"ஆப்புல கண்ணைச் சிமிட்டச் சொல்லுது மேடம்."

அவங்க பாண்டி பக்கம் திரும்பவே இல்ல. ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே, "ஆமா, சிமிட்டணும். கண்ணைச் சிமிட்டுங்க சார், எடுத்துக்கும்"னாங்க.

பாண்டி கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுனான்.

அப்பத்தான் நிமிந்து பாத்தாங்க. முகம் மாறிப் போச்சு. உடனே என்கிட்ட, "இவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?"

பாண்டி சொன்னான், "என்கிட்டயே கேளுங்க மேடம். காது நல்லா கேக்கும்."

மேனேஜர் ரூமுக்கு அனுப்பி விட்டாங்க. சின்ன வயசுதான் அவருக்கு. மரியாதையாத்தான் பேசுனாரு, அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், எங்க கையில ஒண்ணும் இல்ல. எல்லாம் சிஸ்டம். நீங்க ஒண்ணு பண்ணுங்க, உங்க ஒய்ஃபைச் சேத்து ஜாயிண்ட் அக்கவுண்டா மாத்திருங்க. அவங்க பாத்துக்குவாங்க, உங்களுக்கும் அலைச்சல் இல்ல."

எனக்கு ஜிவ்வுன்னு ஏறிருச்சு. வாயைத் தெறக்கப் போனேன். பாண்டி என் கையைப் புடிச்சு அமுக்கிட்டான்.

"சார், நான் சம்பாதிக்கிறேன். என் அக்கவுண்ட்டை நான்தான் பாக்குறேன். என் பொண்டாட்டி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஆனா நீங்க சொல்றதுக்காக அவளைக் காவலுக்கு வைக்க மாட்டேன். கண்ணு சிமிட்ட முடியாதவங்களுக்கு இந்த பேங்க்ல அக்கவுண்ட் கிடையாதுன்னு எழுதிக் குடுங்க. போயிடுறேன்."

"அப்படியெல்லாம் எழுதித் தர முடியாது சார்."

"அப்ப உக்காந்திருக்கேன்."

வெளிய வந்து கவுண்டருக்கு நேர் எதிர்க்க இருந்த சேர்ல உக்காந்துட்டான். ஸ்டிக்கை மடக்கி மடியில வச்சுக்கிட்டான்.

கேக்குறவங்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னான். சத்தம் போடல. கிளாஸ் எடுக்குற மாதிரி தெளிவா.

பணம் கட்ட வந்த பாய் ஒருத்தரு கேட்டுட்டு நேரா மேனேஜர் ரூமுக்கே போயிட்டாரு. "தம்பி, மனுசன் இந்தா வெளிய உக்காந்திருக்காரு. இவருதான் அவருன்னு ஒங்க கண்ணுக்குத் தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு அவரு கண்ணு?"

வரிசையில நின்ன அக்காமாரும் முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மேனேஜர் யாருக்கோ போன் போட்டாரு. கொஞ்ச நேரம் "ஓகே சார், ஓகே சார்"னாரு. அப்புறம் பாண்டியக் கூப்பிட்டு, ஆதாரை வாங்கிப் பாத்து, அவர் ஐடியில எதையோ தட்டுனாரு.

முடிஞ்சது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகல.

"இந்த வசதி மொதல்லயே இருந்துச்சா சார்?"னு பாண்டி கேட்டான்.

"இருந்துச்சு சார். எங்களுக்கே இப்பத்தான் சொல்றாங்க."

இதுக்கு என்ன சொல்றது நீங்களே சொல்லுங்க. போன வாரத்துல இருந்து ஒரு மனுசன் கடன் வாங்கிச் சோறு தின்னிருக்கான்.

இனிமே யாராவது வந்து "இந்தக் காலத்துல பேங்க்குக்கு எதுக்குய்யா பில்டிங்கு, ஏசி, ஆளு"ன்னு என் கமெண்ட்ல எழுதுனா பிளாக் பண்ணிருவேன். இன்னைக்கு அந்தச் சேரும், அந்த பாயும், அந்த மேனேஜரும் ஒரே பில்டிங்ல இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்? ஆப்புகிட்ட எங்க போயி உக்காந்து அடம் புடிக்கிறது?

திரும்பி வரும்போது பாலத்துல வச்சு, "ஜெயிச்சுட்டோம்ல மாப்ள"ன்னேன்.

பின்னாடி இருந்து பாண்டி சொன்னான்.

"என்னத்த ஜெயிச்சோம்? நம்ம தெப்பக்குளத்துல பேங்க் இருந்தப்ப நான் ஒத்தையில நடந்தே போயிட்டு வருவேன்டா. எத்தனை படி, எங்க திரும்பணும், எல்லாம் காலுக்குத் தெரியும். இன்னைக்கு நீ கடைய மூடிட்டு வந்தாத்தான் என் காசை நான் தொட முடியுது."

வண்டியை ஓட்டிக்கிட்டே வந்துட்டேன்.

ஒங்க ஏரியாவுல பேங்க் போர்டைக் கழட்டுனா வேடிக்கை பாத்துட்டுப் போயிராதீங்க மக்களே. இங்க யார் யாரெல்லாம் தனியா வந்துட்டுப் போனாங்கன்னு ஒரு வார்த்தை உள்ள போயிக் கேளுங்க.