தங்கமாரியின் பின்வரிசை

தங்கமாரி பந்தைப் பறிக்க ஓடிவந்தால் அவிழ்த்துவிட்ட காளை மாதிரிதான் வருவாள். எதிரே பந்தோடு நிற்கும் சிறுமி மிரண்டுபோய் அதை எங்காவது உதைத்துவிட்டு ஒதுங்கினால், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். "ஏட்டி, நான் என்ன ஒன்னயத் தின்னுரவா போறேன்? வந்தா வரட்டும்னு நில்லு. கிட்ட வந்த பொறவு சைடுல நிக்கவளுக்குக் குடு." சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்குப் போய் மறுபடி ஓடிவருவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்குவார்சத்திரம் பள்ளி மைதானத்தைத் தாண்டிப் போகிறவர்கள், இவ்வளவு பெரிய பெண் சின்னப் பிள்ளைகளைத் துரத்துகிறாளே என்று வண்டியை நிறுத்திப் பார்ப்பதுண்டு.

ஊரில் எல்லாரும் கோல் அடிக்கத்தான் கற்றுக்கொடுப்பார்கள். தங்கமாரிக்குப் பின்வரிசைதான் உயிர். கோல் காக்கிற கோலி கையில் பந்து வந்தால் தூக்கி அடிக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் பேக்குக்கு, அதாவது பின்வரிசைக்காரிக்கு, உருட்டிவிட வேண்டும். அவள் இன்னொருத்திக்கு, இன்னொருத்தி மறுபடி இவளுக்கு, இப்படியே வழி திறக்கும்வரை. "தூக்கி அடிச்சா அது யாரு பந்து? பாதி நேரம் அவளுவ பந்துல்லா? காலுல கெடக்க வரைக்கும்தான் நம்ம பந்து." கூடவே 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழியும் வரும். பிள்ளைகள் அதை அவளுடைய தெற்கத்திக் குரலிலேயே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். அவள் காதில் விழும். கண்டுகொள்ள மாட்டாள்.

விளாத்திகுளம் பக்கத்துக்காரி. கல்லூரி அணியில் ஸ்டாப்பராக, அதாவது கோலிக்கு முன்னால் நிற்கும் கடைசிக் காவலாக, ஆடியவள். படிப்பு முடிந்ததும் எல்லாரையும் போலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். பெல்ட்டில் பலகை நகர்ந்து வரும். தன் பங்கு வயரைச் செருகி அடுத்தவளுக்கு விட வேண்டும். போன வருஷம் அவளை லைன் லீடராக ஆக்கினார்கள். அதிலிருந்து புதிதாக வந்த பெண்களின் பின்னால் நின்று, "நிக்காத! தள்ளு, தள்ளு!" என்று ஷிப்ட் முழுக்கக் கத்துவதுதான் வேலை. ஹாஸ்டல் அறையில் அவளோடு இருக்கும் நாச்சியார் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்: "தூக்கத்துலயும் பந்து எத்துதா. ஒரு நா செவுரு வாங்கும், ஒரு நா நான் வாங்குவேன்."

அவளிடம் ஆட்டம் பழகும் பிள்ளைகளில் பிரவீனா தனி ரகம். ஒன்பதாவது படிக்கிற குச்சி உடம்பு. காலுக்குப் பந்து வந்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு நிதானம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் அலறினால், "இன்னா இப்போ? வரட்டுமே" என்பாள். அவள் அம்மா ஞானம்மா ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிறவள். "இங்கயே கீதுன்னா பதினெட்டு ஆனதும் இதுவும் கம்பெனி பஸ்ஸுதான் ஏறும். நீதான் எங்கனா நல்ல எடத்துல சேத்து வுடணும் மாரி" என்று தங்கமாரியின் கையைப் பிடித்துக்கொள்வாள். நல்ல இடம் என்றால் விளையாட்டு விடுதி. சோறும் படிப்பும் பயிற்சியும் அங்கேயே கிடைக்கும். தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் இந்தப் பிள்ளைகள் ஆடிய போட்டியைப் பார்க்க, அந்த விடுதிக்கு ஆள் எடுக்கிறவர் வந்தார். அவருக்குப் பின்வரிசைக்கு ஒரே ஒரு பெண்தான் வேண்டியிருந்தது. தங்கமாரி வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

பிரவீனா அன்று அழகாகவே ஆடினாள். ஆள் எடுக்க வந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆட்டம் முடியப் போகிறது, இரு பக்கமும் கோல் இல்லை. கோலி உருட்டிய பந்து பிரவீனாவின் காலடிக்கு வந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி பாய்ந்து வந்தாள். பிரவீனா நின்றாள். வலப்பக்கம் தன் ஆள் காலியாக நிற்பது அவளுக்குத் தெரியும். வருகிறவள் இன்னும் இரண்டு எட்டு வரட்டும் என்று காத்திருந்தாள். சொல்லிக்கொடுத்தது அதுதானே.

சொல்லிக்கொடுத்தவளுக்குத்தான் பொறுக்கவில்லை. "நிக்காத! தள்ளு, தள்ளு!"

லைனில் கத்தும் அதே குரல். வாயைவிட்டு வந்த பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. பிரவீனா திடுக்கிட்டு உதைத்தாள். பந்து எதிரே வந்தவளின் முழங்காலில் பட்டுத் திரும்பி, நேராகத் தங்கள் கோலுக்குள்ளேயே உருண்டது.

"அப்படி இன்னாடி அவசரம் உனக்கு?" என்று ஆட்டம் முடிந்ததும் ஞானம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். "நான்தாம்மா பயந்துக்கினு அடிச்சிட்டேன்" என்றாள் பிரவீனா, தங்கமாரி பக்கம் திரும்பாமலே.  தங்கமாரி கிளம்பிக்கொண்டிருந்த தேர்வாளரிடம் ஓடினாள். "சார், அவ மேல தப்பில்ல சார். நான்தான் கத்திட்டேன்." அவர் கெட்ட மனிதர் இல்லை. "கேட்டுச்சும்மா. நீ கத்துனது பெரிசில்ல. வெளியில யார் கத்துனாலும் அரண்டுபோற புள்ளய நான் எப்படிப் பின்னால நிறுத்துறது?" எதிரணி ஸ்டாப்பரின் பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தங்கமாரி தாங்கியிருப்பாள்.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் கத்தாமல் இருக்க முடியாது, கத்தினாள். ஒவ்வொரு முறையும் தன் குரலே தனக்குக் கசந்தது. ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். போனாள். பிரவீனாவும் வந்திருந்தாள், ஒன்றும் நடக்காதது போல.

அன்று தங்கமாரி ஓடவில்லை. வேறொரு பெண்ணைத் துரத்தச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள். பந்து வந்தது. பிரவீனா அதைக் காலால் அமுக்கி நிறுத்தினாள். எதிரே ஆள் பாய்ந்து வருகிறாள். பிரவீனா அவளையும் பார்க்கவில்லை, பக்கத்தில் காலியாக நிற்கிறவளையும் பார்க்கவில்லை. தங்கமாரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கமாரி மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.