உப்பளத்துக்குப் போன ஸ்கிரீன்

1. குடிக்கச் சொன்ன டாக்டர்

2005ஆம் வருஷக் கோடை. மரக்காணம் உப்பளத்திலிருந்து லூர்துமேரியை டி.வி.எஸ் வண்டியில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குளிர் ஜுரம், விலாவில் குத்தல். பாத்தியிலேயே விழுந்துவிட்டாள். பின்னாலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ராணி, அவளுடைய ஜோடி. உப்பளத்தில் ஒருத்தி பலகையால் உப்பை வாருவாள், இன்னொருத்தி கூடையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டுவாள். இதுதான் ஜோடி. ஒருத்தி நகர்ந்தால் இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது. அதனால் நிற்க முடிகிறவரை யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்கள்.

நான் அப்போது கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகள், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, இதுதான் என் டியூட்டி. உப்பு வாருகிறவர்களின் உடம்பு யாருடைய டியூட்டி என்று எந்தச் சர்க்குலரிலும் நான் படித்ததில்லை.

டாக்டர் யூரின் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்தார். இன்ஃபெக்‌ஷன் கிட்னிவரை ஏறியிருந்தது. அவளுக்கு இது முதல் தடவையும் இல்லை.

"ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா? நல்லா குடிச்சாதான் இது சரியாவும்."

"குடிச்சா எங்க சார் போறது?"

டாக்டர் தலை நிமிராமல் மாத்திரை எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, வாசல்வரை கியூ நின்றது. ஆனாலும், கேட்ட கேள்விக்கு ஒரு பதில்கூடவா சொல்லக்கூடாது?

2. கன்னத்தில் பாக்கு

மறு வாரம் உப்பளத்துக்கே போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ஒரு செடி இல்லை, ஒரு சுவர் இல்லை. அரை மைலுக்கு அப்பால் குனிகிறவளும் தெரிவாள். பெண்கள் இருட்டோடு வீட்டில் போய்விட்டு வந்தால், வேலை முடிந்து வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வார்கள். அதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை. எல்லார் கன்னத்திலும் ஒரு கொட்டைப்பாக்கு. எச்சில் ஊறினால் தாகம் தெரியாதாம். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்குப் பலகை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

"மொத மாசந்தான் கஷ்டம் நர்சம்மா. அப்புறம் ஒடம்பே கேக்காது" என்றாள் ராணி, பெருமையாக.

"கேக்காம இல்லடி. கேட்டுக் கேட்டு அதுக்கு அலுத்துப்போச்சு" என்று கத்தினேன்.

மேஸ்திரியிடம் போனேன். "கடைசி வரப்புல நாலு தட்டி வச்சு ஒரு மறைப்பு கட்டிக் குடுங்க" என்றேன்.

"உப்பு லட்சுமிங்க நர்சம்மா. இங்க போயி பொம்பளைங்க ஒதுங்கலாமா?"

"ஆம்பளைங்க எங்க ஒதுங்குறாங்க?"

"அவங்க... அப்படி வாய்க்கா பக்கம் போவாங்க."

"அப்ப மட்டும் லட்சுமி கண்ண மூடிக்குவாளா?"

அவர் முதலாளியைக் கை காட்டினார். முதலாளி, லீசு நிலத்தில் ஒன்றும் கட்டமுடியாது என்றார். பிளாக் மீட்டிங்கில் எழுந்து பேசினேன். எங்கள் சுகாதார அதிகாரியின் தலைக்குப் பின்னால் 'அனைவருக்கும் நல்வாழ்வு' என்று பேனர் தொங்கியது. "சிஸ்டர், அதெல்லாம் லேபர் டிபார்ட்மென்ட் பாக்கவேண்டியது. நீங்க உங்க டார்கெட்டைப் பாருங்க" என்றார். லேபர் ஆபீசுக்குப் போனால், "சீக்குன்னா ஹெல்த்துக்குத்தானே போகணும்?" என்று கேட்டார்கள். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் ஒரு பொம்பளையின் மூத்திரப்பை வீங்கிக்கொண்டிருந்தது.

3. ஸ்கிரீன்

அடுத்த சீசன் தொடங்குவதற்குள் லூர்துமேரிக்கு மறுபடியும் ஜுரம். புதுச்சேரிக்கு அனுப்பினோம். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒரு கிட்னி சுருங்கி வேலை செய்யாமல் போய்விட்டது, இன்னொன்றையாவது காப்பாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். வேலையை விடச் சொன்னேன். "விட்டுட்டு? வேற இன்னா வேல தெரியும் எனக்கு?" என்று கேட்டுவிட்டு, உடம்பு தேறியதும் பாத்திக்குப் போய்விட்டாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும்போது கட்டிலைச் சுற்றி மறைக்கிற பச்சைத்துணி ஸ்கிரீன் ஒன்று எங்கள் சென்டரில் இருந்தது. அதை மடக்கி ஷேர் ஆட்டோவில் போட்டு உப்பளத்துக்குக் கொண்டுபோனேன். பெண்கள் கடைசி வரப்பில் குழி வெட்டினார்கள், பக்கத்தில் மூடுவதற்கு மணல் கொட்டினார்கள், காற்றில் விழாமல் ஸ்கிரீனின் கால்களைக் கல் வைத்துக் கட்டினார்கள். மேஸ்திரி சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். ராணி பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள். அவர் திரும்பிப் போய் முதலாளிக்கு போன் போட்டார்.

முதலாளி சொல்லி, இரண்டு நாளில் அதே சுகாதார அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். உச்சி வெயில்.

"கவர்மென்ட் ப்ராப்பர்ட்டி சிஸ்டர் இது. யாரைக் கேட்டு எடுத்துட்டு வந்தீங்க? டிரைவர், அதை எடுத்து வண்டியில போடு."

"உள்ள ஆள் இருக்குது சார்" என்றேன்.

உள்ளே லூர்துமேரி. அதிகாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வெளியே வந்தாள், ராணி உள்ளே போனாள். ராணி வந்ததும் இன்னொருத்தி. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. பலகையையும் கூடையையும் போட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக வரப்பில் வந்து நின்றார்கள். "வேலையப் பாருங்கடீ" என்று மேஸ்திரி கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஜோடி ஜோடியாகக் கூலியை விட்டுவிட்டு நின்றார்கள்.

அதிகாரி நின்றுகொண்டே பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தார். வரிசை குறையவில்லை. கொஞ்ச நேரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். பிறகு வாய்க்கால் பக்கம் நடந்தார். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அவர் போகிற திசையில் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"போங்க சார், நாங்க ஒண்ணும் பாக்கல" என்று லூர்துமேரி குரல் கொடுத்தாள்.

ஒருத்தியும் முகத்தைத் திருப்பவில்லை. பாதி வழியில் நின்றவர் அப்படியே திரும்பி வந்து ஜீப்பில் ஏறினார். வண்டி ரோட்டைப் பிடித்து, கூனிமேடு பக்கமாகப் பறந்தது. தொழில்சார் சுகாதாரம் என்றால் என்னவென்று அவருடைய உடம்புக்காவது அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு மெமோ வந்தது. வரட்டும். ஸ்கிரீன் உப்புக்காற்றில் கிழிந்த பிறகு பெண்களே தென்னங்கீற்றில் மறைப்பு கட்டிக்கொண்டார்கள். முதலாளியும் அதைப் பிரிக்கச் சொல்லவில்லை.

இப்போது நர்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஓ.பி.யில் உட்கார்ந்துகொண்டு, 'உப்பளத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் வருவதில்லை' என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள். அவர்கள் வேலை செய்கிற இடத்தில் போய் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு நில்லுங்கள்.

லூர்துமேரி இன்றைக்கும் ஒற்றைக் கிட்னியோடுதான் இருக்கிறாள். இன்னொன்று போனதற்குக் காரணம் கிருமி என்று அவளுடைய கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாலு முழம் துணி கட்ட ஆளில்லாமல் போன கிட்னி அது.