புடவை உதறும் சத்தம்

இருமல் தொண்டைக்குழியில் வந்து நின்றதும் ஏலவார்குழலி சுவர்ப் பக்கம் திரும்புவாள். அலமாரியிலிருந்து ஒரு பட்டுப் புடவையை உருவி, படாரென்று ஓர் உதறு உதறுவாள். புதுப் பட்டின் அந்தச் சத்தத்துக்குள் இருமல் போன இடம் தெரியாது. திரும்பும்போது முகத்தில் பழைய சிரிப்பு வந்திருக்கும். "அரக்கு உடம்பு, பச்சைக் கரை மேடம். மணவறைல உக்காந்தா பொண்ணு முகம் தனியா எடுத்துக் காட்டும்" என்பாள். வந்த அம்மாள் புடவையைத்தான் பார்ப்பார். புடவைக்குப் பின்னால் கண் கலங்கி நிற்பவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் மூன்று மாடி எழுப்பிய பட்டுக் கடை ஒன்றில், முகூர்த்தப் பட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. ஏகாம்பரநாதர் கோயில் அம்மனின் பெயரை ஆசையாக வைத்தார்கள். கடையில் அது குழலிக்கா என்று சுருங்கிப்போயிற்று. அவளும் சளைத்தவள் இல்லை. வாடிக்கையாளர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், நிறம்தான் சொல்வாள். மாம்பழக் கலர் அம்மா போன வருஷம் மூத்த பெண்ணுக்கு எடுத்தார், வெங்காயத்தோல் கலர் அம்மா பேரம் பேசியே பிராணனை எடுத்துவிட்டார் என்று சாப்பாட்டு நேரத்தில் கதை நடக்கும். கடையில் நிற்பதுதான் அவள் உத்தியோகம். விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து அவற்றின்மேல் புடவைக் கட்டுகள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன.

கொரோனா போன பிறகு கடையில் ஒரு கட்டுப்பாடு வந்தது. காய்ச்சலோ இருமலோ இருந்தால் வேலைக்கு வரக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வராத நாளுக்குச் சம்பளமும் வராது என்பதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. பின்வாசலில் நெற்றிக்கு நேரே சூடு பார்க்கும் கருவியோடு காவலாளி நிற்பார். பெண்கள் என்ன லேசுப்பட்டவர்களா? விடியற்காலையிலேயே ஒரு காய்ச்சல் மாத்திரை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெற்றிக்கு ஈரத்துணி. கருவி பச்சை விளக்கு காட்டும், காவலாளியும் தலையாட்டுவார். இந்த வித்தைகளையெல்லாம் புதிதாக வரும் பெண்களுக்கு ஆத்தாள் மாதிரி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பவள் குழலிதான். நல்ல மனசு. நல்ல மனசுதான் சில நேரம் வினையாகவும் முடிகிறது.

போன கார்த்திகையில் மழையோடு மழையாக ஊரைப் பிடித்தது ஒரு ஃப்ளூ காய்ச்சல். தை முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க ஜனம் நெரிகிற நேரம் அது. பிள்ளையார்பாளையத்தில் குழலிக்கு ஒரே அறை வீடு, உள்ளே ஐந்து பேர். அங்கே காய்ச்சல் வந்தால் பந்தியில் சாம்பார் வருகிற மாதிரி வரிசையாக எல்லோருக்கும் வரும். அவளுக்கும் வந்தது. வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். அந்த வாரம் முகூர்த்தப் பிரிவு முழுக்கப் படார் படார் என்று புடவை உதறும் சத்தம். வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று மாடியில் முதலாளிக்கு ஏக சந்தோஷம்.

குழலிக்குப் பக்கத்தில் நிற்பவள் அபிநயா. திருப்புட்குழியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. கொண்டுவரும் சோறு வாய்க்குப் பிடிக்காமல் அவள் உமட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, குழலி தன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். எலுமிச்சைச் சாதம் அவளுக்கு இறங்கியது. அதுமுதல் மதியம் இரண்டு பேருக்கும் ஒரே டப்பா. அப்புறம் அபிநயாவும் இருமினாள். வீட்டுக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டதற்கு, இந்த நேரத்தில் லீவு போட்டால் பிரசவத்துக்குப் பிறகு வேலை இருக்குமோ இருக்காதோ, இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொள் என்று குழலி சொன்னாள். கூடவே புடவை உதறவும் பழக்கினாள்.

அதே வாரம் சின்ன முதலாளியின் மனைவிக்கும் அதே காய்ச்சல். அவரும் ஆறு மாதம். காய்ச்சல் கண்ட அன்று சாயங்காலமே டாக்டர் வீட்டுக்கு வந்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, கையோடு ஃப்ளூ மாத்திரையைத் தொடங்கிவிட்டாராம். தனி அறை, பக்கத்தில் ஒரு நர்ஸ். காமாட்சியம்மன் சந்நிதியில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்து, கடையில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பாவம், தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று அபிநயா மனசார வேண்டிக்கொண்டுதான் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கையிலிருந்து வாங்கிப் போட்ட இலை சுட்டது பொங்கலின் சூட்டாலா, அவள் கையின் சூட்டாலா என்று குழலிக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை வாடிக்கையாளர் கூட்டத்தில் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை நெல்லூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது. குழலி மணப்பெண்ணின் தோளில் ஒரு பட்டைப் போட்டு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அபிநயாவின் குரல் கேட்டது. அரக்கு என்று சொல்லி ஒரு மூச்சு, உடம்பு என்று சொல்லி ஒரு மூச்சு, கரை என்று சொல்லுமுன் இன்னொரு மூச்சு. குழலி திரும்பிப் பார்த்தாள். பெண்ணின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. அடி பாவி, என்ன காரியம் பண்ணி வைத்தோம்!

மணப்பெண் தோளில் புடவையை அப்படியே விட்டுவிட்டு, அபிநயாவின் இடுப்பை அணைத்துப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பின்வாசல் வரை சுற்றிப் போக அந்தப் பெண்ணுக்கு மூச்சு இல்லை. வேலைக்காரர்கள் நுழையாத முன்வாசல் வழியாக, பன்னீர் தெளிக்கிற பெண்ணைத் தாண்டி இருவரும் இறங்கினார்கள். பார்ட்டி உட்கார்ந்திருக்கிறது, எங்கே போகிறாய் என்று சின்ன முதலாளி பின்னாலேயே வந்து கேட்டார். குழலி ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் கிளிப்பச்சைச் சுடிதார் போட்ட சின்ன வயசு டாக்டர் அபிநயாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்ததுமே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். காய்ச்சல் எப்போதிலிருந்து என்று கேட்டார். கடைப் பழக்கம் அபிநயாவின் வாயில் முந்திக்கொண்டது.

"இன்னைக்குக் காலைலேர்ந்துதான் மேடம்."

டாக்டர் எழுதப் போனார். குழலி குறுக்கே கையை நீட்டினாள்.

"பொய் சொல்றா டாக்டரம்மா. செவ்வாக்கெழமைலேர்ந்து இருக்குது. மாத்திரை போட்டு அமுக்கிக்கினு வேலைக்கு வந்துக்கினு இருந்தா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்டேர்ந்துதாம்மா அவளுக்கு வந்துச்சு. எனக்கு அதுக்கு முன்னாடியே ஜுரம். ஒரே டப்பாவுலதான் சாப்ட்டோம். மறைக்கறதுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் குழலிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது, இப்போதும் மாத்திரையைத் தொடங்கிவிடலாம், இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்லமுடியும் என்றார். வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார். குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு குடுகுடுவென்று அறை முழுக்கக் கேட்டது. அபிநயாவின் கண்ணோரம் நீர் இறங்கியது. குழலிக்கு ஒரு முகக்கவசத்தைக் கொடுத்த டாக்டர், அடுத்த அறைக்குப் போய் நீங்களும் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆக்சிஜன் மாட்டிய முகத்தோடு அபிநயா படுக்கையிலிருந்து கையை நீட்டினாள். பழக்கத்தில் குழலியின் கை பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நிறுத்தி, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பெண்ணின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்து, வாசற்படியைத் தாண்டி, அங்கிருந்து பார்த்தால் அபிநயாவுக்குத் தன் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து, வராந்தாத் தரையில் உட்கார்ந்தாள்.