குடைக்கம்பியில் ஒரு சீப்புப் பழம்

மாப்பிள்ளையூரணியில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராஜபாண்டிக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. காற்று திரும்பினால் கல்லாவில் உட்கார்ந்தபடியே அதன் வாடையை நுகரலாம். ஆனாலும் ஐம்பத்தெட்டு வயதுவரை கடலைப் பார்ப்பதற்கென்று அவர் கடலுக்குப் போனதில்லை. சரக்கு விஷயமாகத் துறைமுகத்துப் பக்கம் போயிருக்கிறார். திருச்செந்தூரில் சாமி கும்பிடுமுன் முங்கி எழுந்திருக்கிறார். இரண்டு இடத்திலிருந்தும் ஈரம் காயுமுன் திரும்பிவிட்டார். கடையில் ஆள் இல்லை.

உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து மாமன் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்தவர், பிறகு தனிக்கடை போட்டார். தாலி கட்டிய மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடை திறந்ததை வெகுகாலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்து வீட்டில் இருவர் மட்டும் ஆன பிறகு ஒருநாள், அந்தக் கதைக்கு எல்லோரும் சிரித்த இடத்தில் மனைவி பொன்செல்வி சிரிக்கவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் அதற்கு ஒருபோதும் சிரித்ததில்லை.

அதன் பிறகுதான் அவள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடையை அடைத்துவிட்டுக் கடற்கரைக்கு வர வேண்டும். கடைக்காரராக அல்ல, புருசனாக வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். இத்தனை சின்ன விஷயமா என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

தருவைக்குளம் போகிற வழியில், உப்பளங்களைத் தாண்டி உடைமரங்களுக்கு ஊடே ஒரு மண்பாதை இறங்கும். அங்கே கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். இரைச்சல் கிடையாது, கூட்டமும் கிடையாது. முதல் ஞாயிறு ராஜபாண்டி கடலுக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்து உட்கார்ந்தார். ஆள் வருகிற திசையைப் பார்க்காமல் உட்கார அவர் உடம்புக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஞாயிறு கடலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ஆனால் செல்போனில் சார்ஜ் தீரும்வரை அரிசி மண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

அன்று திரும்பும்போது பொன்செல்வி சொன்னாள்: "அடுத்த வாரமும் இப்படித்தான்னா, பிறகு நான் பக்கத்து வீட்டுச் சந்தனமாரிகூடப் போய்க்கிடுதேன். நீங்க கடையைப் பாருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். கோபித்துக்கொண்டு போகிற வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்பது அவர் அனுபவம். சத்தமில்லாமல் வேறு கடை பார்த்துக்கொள்கிறவர்தான் வருவதில்லை. மனைவியைப் பற்றி நினைக்கும்போதும் வாடிக்கையாளர்தான் ஞாபகத்துக்கு வருகிறார் என்பதை எண்ணி, அவர் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஞாயிறு செல்போனைக் கல்லாவிலேயே போட்டுப் பூட்டினார். ஆனால் சும்மா இருப்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் அல்லவா? தேயிலைக் கம்பெனிக்காரன் கொடுத்த பெரிய குடை, முக்காலி, ஒரு பலகை, ஐஸ்பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில், முறுக்கு, காரச்சீவல், ஒரு சீப்பு நாட்டுப்பழம் எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றினார். அவருக்குப் பிடிக்கும் என்று பொன்செல்வி முந்தினநாள் உட்கார்ந்து செய்த முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒரு டப்பாவில் இருந்தது.

கடற்கரையில் குடையை நட்டார். மணல் படக்கூடாதென்று முறுக்குப் பாக்கெட்டுகளைப் பலகையில் அடுக்கினார். பெயர் வெளியே தெரிகிறமாதிரி. எறும்புக்குப் பயந்து பழச்சீப்பைக் குடைக்கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து நிற்கிற கப்பல்களை நிதானமாகப் பார்த்தார். மனசு லேசாக இருந்தது. இவ்வளவுதானா ஓய்வு, இதற்கா இத்தனை வருசம் பயந்தோம் என்று தோன்றியது.

பொன்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். "நீங்களும் வாங்க" என்றாள். இதோ வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஏரலிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் பாதையில் இறங்கியது. குடும்பத் தலைவர் நேராகக் குடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, தண்ணி பாட்டில் இருக்கா?"

இது கடை இல்லை என்று சொல்ல ராஜபாண்டி வாயைத் திறந்தார். அதற்குள் கை ஐஸ்பெட்டிக்குள் போய் வந்துவிட்டது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தர்மம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அந்தத் தர்மத்தின் தொடர்ச்சியாக அவர் வாய் கேட்டது: "சில்லறை இருக்கா?"

பிறகு நடந்ததற்கு அவரைப் பொறுப்பாளி என்று சொல்வதா, அவர் கைகளையா என்று தீர்மானிப்பது கஷ்டம். வேனில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முறுக்கு போனது, சீவல் போனது, பழம் போய்க் காம்பு மட்டும் கம்பியில் ஆடியது. டப்பாவை மட்டும் அவர் காலுக்கடியில் தள்ளி வைத்திருந்தார். ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, முந்திரிக்கொத்தா, என்ன விலை என்றாள். அது விற்பனைக்கில்லை என்று உறுதியாகச் சொன்னார். விலையைக் கூட்டத்தான் இப்படிச் சொல்லுதீங்க, நாலைந்து சேர்த்து வாங்கினால் குறைத்துக் கொடுக்கணும் என்று அவள் ஆரம்பித்தாள். அங்கேதான் அவர் தோற்றார். பேரம் பேச ஒருத்தர் வந்து நின்றபின் பேசாமலிருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பேசினார். பேரத்தில் ஜெயித்தார். டப்பா காலி.

நிமிர்ந்தபோது பொன்செல்வி நின்றுகொண்டிருந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள். குடைநிழலுக்குள் வராமல், வாங்க வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றாள். காம்பைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, முந்திரிக்கொத்து இருக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"தீந்துபோச்சு" என்றார்.

"கடையை எப்ப அடைப்பீங்க?"

அதே கோபமில்லாத குரல். பிள்ளைகள் தாகமாக வந்தார்கள், வெயில் கடுமை என்றெல்லாம் சமாதானங்கள் அவருக்குள் வரிசையில் நின்றன. வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒன்றையும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

ஒரு பைக்கில் இரண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள். "அண்ணாச்சி, ஒரு தண்ணி."

கடைசி பாட்டில் ஐஸ் தண்ணீரில் மிதந்தது. கை ஏற்கெனவே பெட்டிக்குள் போயிருந்தது. ராஜபாண்டி கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"கடை அடைச்சாச்சுப்பா."

"அங்கன ஒண்ணு கிடக்குல்லா?"

"அது என் வீட்டம்மாவுக்கு."

குடையைச் சுருக்கினார். துரு ஏறிய கம்பி லேசில் இறங்கவில்லை; பொன்செல்வி உதவவுமில்லை. பையன்களில் ஒருவன், பொழுது சாயுமுன்னே அடைத்தால் யாவாரம் எப்படி ஓடும் என்று கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டே பைக்கைத் திருப்பினான். எதிர்க்கடைக்காரரைப் பற்றி ராஜபாண்டி தினமும் சொல்வதுதான் அது.

பொன்செல்வி பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பாதியை அவரிடம் நீட்டிவிட்டு, கூப்பிடாமலே தண்ணீரை நோக்கி நடந்தாள். அவர் பின்னால் போனார். கொஞ்சதூரம் நடந்தும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன யோசிக்கீங்க?"

"ஏளா, ஒண்ணுமில்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல... ஐஸ்பெட்டி இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம்னு."

கல்யாணத்துக்கு மறுநாள் கடை திறந்த கதைக்கு ஒருநாளும் சிரிக்காதவள், தண்ணீரை அள்ளி அவர் சட்டையில் அடித்துவிட்டுச் சிரித்தாள். சட்டைப்பையிலிருந்த நோட்டுகள் நனைந்தன. அவர் அவற்றை வெளியே எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று மிகவும் விரும்பினார்.

சூரியன் உப்பளங்களுக்குப் பின்னால் இறங்க, இருவர் நிழலும் கடல்மேல் நீண்டு கிடந்தது.

"அடுத்த வாரமும் வாங்க" என்றாள். "குடை வேண்டாம், பெட்டி வேண்டாம். கையை வீசிக்கிட்டு வாங்க."

"முந்திரிக்கொத்தாவது?"

"அதை நான் கொண்டு வாரேன். என் மடியிலதான் இருக்கும்."