மெழுகு போட்ட ரப்பர் விரிப்பு

தொண்ணூறுகளில் காரைக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தேன். பழைய வீட்டுக் கூடத்தில் மேசைகள் போட்டு, பெண்கள் டெலிபோனுக்கான சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் வைப்பார்கள். மேசைக்கு மேசை பச்சை ரப்பர் விரிப்பு. நம் உடம்பில் நமக்கே தெரியாமல் சேர்கிற மின்சாரம் பலகையில் இருக்கிற சிப்பைக் கெடுத்துவிடுமாம். விரிப்பு அதை வாங்கி, ஒயர் வழியாகக் கொல்லையில் இருக்கிற எர்த் குழிக்கு அனுப்பிவிடும். மேற்பார்வை பார்த்த அம்மா அப்படித்தான் சொன்னார்.

கரியும் உப்பும் கொட்டிய அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நின்றது. உப்புக்குப் பட்டுப்போகும் என்றார்கள். போகவில்லை. அது கிடக்கட்டும்.

மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஆர்டர் தருவதாக இருந்தது. அவர்கள் ஆள் வந்து விரிப்புகளைச் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் கிடைக்கும். அதை நம்பித்தான் முதலாளி கம்பெனியை மூடாமல் வைத்திருந்தார்.

ஆயுத பூசை முடிந்து வேலை தொடங்கிய அன்றே மெட்ராஸ் கம்பெனித் தம்பி வந்தார். கனமான உருளை ஒன்றை விரிப்பில் வைத்து, மீட்டர் ஒயரில் ஒன்றை அதிலும் இன்னொன்றை எர்த்திலும் மாட்டினார். முள் அசையவில்லை. குழி காய்ந்திருக்கும் என்று என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அப்போதும் அசையவில்லை.

"போன மாசம் நாங்க பாத்தப்ப சரியா இருந்துச்சு சார்" என்றார் அந்த அம்மா.

தம்பி விரிப்பை விரலால் தடவி மோந்து பார்த்தார். "இதுல என்ன சார் தடவியிருக்கீங்க?"

முதலாளிக்குப் பெருமை. "மெழுகுப் பாலீசு தம்பி. நானே பூசைக்குத் தேச்சேன். மொகம் பாக்கலாம், பாருங்க."

"மெழுகுல கரண்ட் ஓடாது சார்."

"தொடச்சுப் பளபளன்னு வைக்காம எப்படித் தம்பி பொட்டு வைக்கிறது?"

"ராத்திரி ரயிலுக்குத்தான் போறேன். அதுக்குள்ள மெழுக எடுக்க முடிஞ்சா எடுங்க. இல்லேன்னா இருக்கிறத அப்படியே எழுதிக் குடுத்துடுவேன்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "மொகம் பாத்தது போதும், ஸ்பிரிட்ட எடுத்துட்டு வாங்கண்ணே" என்றார். பலகை துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் அது.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே தேய்க்க இறங்கினார்.

"ஆச்சி பாத்தாகன்னா, வீட்டுத் தரைக்கும் கூப்பிட்ருவாக முதலாளி" என்று அவர் மனைவியைச் சொல்லிக் கிண்டல் செய்தாள் ஒரு பெண்.

"அங்கயும் நாந்தேன் தேய்க்கிறேன். நீ வேலையப் பாரு."

ஃபேனைப் போட்டுக் காயவைத்தோம். தம்பி மறுபடி உருளையை வைத்தார். முள் நகர்ந்தது. ஒவ்வொரு மேசைக்கும் முதலாளி அவர் பின்னாலேயே போனார். கடைசி மேசையும் தேறிய பிறகுதான் மடித்த வேட்டியை இறக்கிவிட்டார்.

ஆர்டர் வந்தது. அடுத்த ஆயுத பூசைக்கு மேசைக் கால்களில் மட்டும் சந்தனம் வைத்தார். விரிப்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். முகம் தெரியவில்லை.