மூன்றாவது விளி

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு கோர்ட்டில் ஞானையனுக்குப் பெயர் விளிக்கிற வேலை. வராந்தா ஓரத்தில் நின்று, வழக்கில் உள்ளவரின் பெயரை மூன்று தடவை உரக்கச் சொல்லவேண்டும். மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே போய் ‘இல்லை’ என்று நீதிபதியிடம் சொல்லவேண்டும். அவர் ஊரான அமரவிளையில் இந்த உத்தியோகத்தைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. “கண்டவனுக்க பேரச் செல்லிக் கூவியதுக்கும் சம்பளம் உண்டே, அது போதும்” என்று அவர் மனைவி தங்கபாயே சொல்வாள். ஆனால் கிறிஸ்மஸ் ஆராதனையில் வசனம் வாசிக்க ஆள் தேடினால், சபையார் அவரைத்தான் எழுப்பிவிடுவார்கள். குரல் அப்படி.

எழுப்பிவிடுவார்கள் என்றது சும்மா இல்லை. மனிதர் கனவுக்காரர். ஒரு பெயரை விளித்துவிட்டால் அந்தப் பெயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். அது முற்றத்து மாமரத்தைத் தாண்டும், பஸ் நிலையத்தைத் தாண்டும், ஆற்றங்கரையோடு மெல்ல நடந்து யார் வீட்டு வாசலிலோ போய் நிற்கும். அங்கே பல் தேய்த்துக்கொண்டிருக்கிற ஒருவன் காரணம் தெரியாமல் திரும்பிப் பார்ப்பான். இதெல்லாம் அவருக்குக் கண்ணெதிரே நடப்பது. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கண் அசந்தாலும் வாய் பெயர்களை விளித்துக்கொண்டிருக்கும். கனவில் விளித்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள். என்றோ செத்துப்போனவர்கள்கூடக் குளித்துத் தலை வாரி வந்து ‘உண்டு’ என்பார்கள். அந்த நேரத்தில் ஞானையனின் முகத்தைப் பார்க்கவேண்டும், அத்தனை சந்தோஷம்.

கனவிலும் வராத ஒரே பெயர் சிவதாணு.

சிவதாணு யார் என்று பாறசாலையிலிருந்து மலையோரம்வரை கேட்கவேண்டாம். கட்சித் தலைவர், அவர் முகம் ஒட்டாத மதில் கிடையாது. ஒற்றசேகரமங்கலத்தில் பாறை உடைக்கிற குவாரியை எதிர்த்து நின்ற ஜெயசிங் என்கிற ரப்பர்வெட்டுக்காரரை ஆள் விட்டு அடித்ததாக அவர் மேல் வழக்கு. அடியில் ஜெயசிங்குக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழே விளங்காமல் போயிற்று. ஜாமீன் கொடுத்த கோர்ட், விசாரணைக்கு நேரில் வரவேண்டும் என்றது. அவர் வரவில்லை. நெஞ்சுவலி என்று வக்கீல் கடிதம் கொடுப்பார், சாயங்காலமே உதியன்குளங்கரையில் தலைவர் யானைக்கு முன்னால் மாலையோடு நடப்பார். ஒற்றசேகரமங்கலத்தில் கால் வைக்கக்கூடாது என்றது கோர்ட். அங்கேயே போய்ப் பந்தல் போட்டுப் பேசினார். கோர்ட் அவருக்குக் கிள்ளுக்கீரை. எனக்கு அவரைவிட அந்தப் பந்தலில் கைதட்டியவர்கள் மேல்தான் எரிச்சல்.

ஜெயசிங் மட்டும் ஒவ்வொரு விசாரணைக்கும் பஸ் மாறி வந்து, மாமரத்தடிக் கல்பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருப்பார். ஞானையன் வராந்தாவில், அவர் முற்றத்தில். தூரத்திலிருந்து தலை அசைத்துக்கொள்வார்கள். பேசியது கிடையாது.

போன விசாரணையன்று வெயிலும் சாரலுமாக இருந்தது. ஞானையன் சிவதாணுவின் பெயரை இரண்டு தடவை விளித்தபோது, வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து தயங்கி நின்றது. அதைப் பார்த்ததும் மனிதர் கனவுக்குள் போய்விட்டார், அதாவது நின்ற இடத்திலேயே. கார்க் கதவு திறக்கிறது. சிவதாணு இறங்குகிறார். சுவரொட்டியில் உள்ள ஆள் அல்ல, இருபது வயசுப் பையன், தலை நனைந்திருக்கிறது, ரப்பர் செருப்பில் சேறு. படியேறி வந்து கைகட்டி ‘உண்டு’ என்கிறான். ஞானையனுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அடுத்து அவருக்கு நினைவிருப்பது, நீதிபதியின் முன்னால் நின்று ‘இல்லை’ என்று சொன்னதுதான். கார் எப்போதோ திரும்பிப் போயிருந்தது.

நீதிபதி அன்றைக்கு வாரண்டு போட்டுவிட்டார். தலைவரைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்! ஊரே வாயில் கை வைத்தது. மறுநாளே வக்கீல் மனு கொடுத்தார். எங்கள் கட்சிக்காரர் அந்தக் காரில் வந்து இறங்கி முற்றத்திலேயே நின்றிருந்தார், முறைப்படி மூன்று தடவை பெயர் விளிக்கவில்லை, ஆகவே வாரண்டை ரத்து செய்யவேண்டும் என்று மனு. பெயர் விளித்தவர் திங்கட்கிழமை கூண்டில் ஏறிச் சொல்லட்டும் என்றார் நீதிபதி.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது சஜின் பைக்கை ஓரம் கட்டினான். சிவதாணுவின் கட்சிப் பையன், தங்கபாய்க்குத் தூரத்து உறவு.

“மாமா, நீங்க பொய் ஒண்ணும் செல்லாண்டாம். ஓர்மயில்ல, நெனவில்லன்னு மட்டும் செல்லுங்க. தீந்துது.”

“செல்லலேன்னா?”

“காசர்கோட்டுல போயி கன்னடத்துல பேரு விளிக்க வேண்டிவரும். இந்தப் பிராயத்துல எதுக்கு மாமா?”

அவன் போனபிறகு ஞானையன் சோற்றில் கை வைக்கவில்லை. தங்கபாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மூணு தடவ விளிச்சேன்னு செல்லிட்டு வாங்க. அந்த ராஸ்கலுக்குப் பேடிச்சா கெடக்கியது?”

“பேடியில்லட்டீ. எனக்கு மெய்யாட்டே ஓர்மயில்ல. அவன் செல்லச் செல்லியதுதான் நெசம். சத்தியம் செய்யணும்லா.”

இதுதான் கொடுமை. அயோக்கியன் கேட்கிற வார்த்தையும் யோக்கியன் சொல்லவேண்டிய வார்த்தையும் ஒன்றாக இருந்தது. அதைச் சொன்னால் வாரண்டு போகும், ஜெயசிங்கின் வழக்கு இன்னும் எத்தனை வருஷம் இழுக்குமோ. சொல்லாவிட்டால் கர்த்தர் பெயரில் பொய். ஞானையன் கண்ணை மூடி அந்தச் சாரல் வெயிலுக்குள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் படியேறி வந்தான், ‘உண்டு’ என்றான். மூன்றாவது விளி மட்டும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கோர்ட் கூடும் முன்னால், வேலைக்குச் சேர்ந்தபிறகு முதல்முறையாக, அவர் மாமரத்தடிக்கு இறங்கிப் போனார். ஜெயசிங் ஊன்றுகோலை நகர்த்தி இடம் விட்டார்.

“எலே மக்கா, உனக்கு ஒரு துரோகம் செய்யப் போறேன். அன்னைக்கு மூணாவது விளிச்சேனா இல்லியான்னு எனக்கு ஓர்மயில்ல. அப்பிடித்தான் செல்ல முடியும்.”

“விளிச்சீங்கண்ணே. மூணு தடவயும்.”

“எனக்க மனசுக்காவச் செல்லாதே.”

“இல்லண்ணே, எனக்க காலுக்குத் தெரியும்.” ஜெயசிங் கொஞ்சம் வெட்கப்பட்டார். “நீங்க விளிக்கும்பம் நான் எழும்பி வாசலப் பாப்பேன், வாறானான்னு. ஒவ்வொரு விளிக்கும் எழும்புவேன். இருந்துட்டு எழும்பியதுதான் எனக்குப் பாடு, உயிரு போயிரும். அன்னைக்கு மூணாவது எழும்பும்பம் கம்பு வழுக்கி விழுந்தேன். டீக்கடைக்கார லில்லிக்குட்டியாக்கும் தூக்கிவிட்டது. கேட்டுப் பாருங்க.”

ஞானையன் கல்பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் தன் விளி மலையோரம்வரை நடப்பதைப் பார்த்தவர், முற்றத்துக் கல்பெஞ்சில் அது என்ன செய்கிறது என்று பார்த்ததில்லை. யாருக்காக விளித்தாரோ அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடி வாங்கியவன் எழுந்து நின்றிருக்கிறான்! அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கூண்டில் வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நீங்கள் உறக்கத்திலும் பெயர் விளிப்பவர்தானே?”

“ஆமா சார்.” எல்லோரும் சிரித்தார்கள்.

“அன்றைக்கு மூன்றாவது தடவை விளித்தது நினைவிருக்கிறதா?”

“இல்ல சார்.”

பின்வரிசையில் சஜின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஆனா விளிச்சேன்” என்றார் ஞானையன். “ஜெயசிங் மூணு தடவ எழும்பினான். மூணாவது எழும்பும்பம் விழுந்தான். லில்லிக்குட்டி தூக்கிவிட்டா. நான் உறங்குவேன் சார், அவன் உறங்கமாட்டான்.”

சிரிப்பு நின்றது. நீதிபதி ஜெயசிங்கைக் கேட்டார். பிறகு லில்லிக்குட்டியைக் கூட்டிவரச் சொன்னார். அவள் டீ வடிகட்டுகிற துணியைக் கையில் பிடித்தபடியே வந்து, மூன்றாவது விளிக்குத்தான் ஜெயசிங் விழுந்தார் என்று சொன்னாள். அந்த நேரத்தில் முற்றத்தில் சிவதாணு நின்றாரா என்றதற்கு, “அவரு நின்னா எனக்க டீ மொத்தம் வித்துப் போயிருக்குமே சாரே” என்றாள். மனு தள்ளுபடியானது. வாரண்டு அப்படியே நிலைத்தது. அது தலைவரைப் பிடிக்குமா, அதையும் அவர் பந்தலில் வைத்துக் கிழிப்பாரா, யாருக்குத் தெரியும்? வழக்கை விளியுங்கள் என்றார் நீதிபதி.

ஞானையன் வராந்தாவுக்கு வந்தார். ஜெயசிங் அதற்குள் கல்பெஞ்சுக்குத் திரும்பியிருந்தார். முற்றத்தில் வெயில் மங்கி, எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரிந்தது.

“சிவதாணு!”

பெயர் மாமரத்தைத் தாண்டிப் போயிற்று. இந்தத் தடவை ஞானையன் அதன் பின்னால் போகவில்லை. ஜெயசிங் ஊன்றுகோலை ஊன்றி, பல்லைக் கடித்து எழுந்து, வாசலைப் பார்த்து, மெல்ல உட்கார்ந்தார்.

“சிவதாணு!”

மறுபடியும் எழுந்தார். நெற்றியில் வியர்வை தெரிந்தது. வாசலில் யாரும் இல்லை. மறுபடியும் உட்கார்ந்தார்.

மூன்றாவதை விளிக்கும் முன்னால் ஞானையன் மாமரத்தடியைப் பார்த்தார். கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டு வேறு வார்த்தை பேசக்கூடாது என்பது விதி.

“நீ இரி மக்கா” என்றார், எல்லோருக்கும் கேட்க. “அவன் வந்தா நான் செல்லியேன்.”

ஜெயசிங் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டார். ஞானையன் வாசலைப் பார்த்தபடி மூன்றாவது தடவை விளித்தார்.