வதனிக்கு நான் பிள்ளையானபோது

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் என்னுடன் ஒரே வீட்டில் இருக்கும் வதனி ஆசிரியப் பயிற்சி மாணவி. மறுநாள் அவள் தேர்வாளர் முன் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தவறினால் பயிற்சி அத்துடன் முடிந்துவிடும். ஒத்திகைக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் ரஷ்ய வரலாறு படிப்பவள். “உலகப் போர்க்காலத்திலை அங்கத்தைய சின்னப் பட்டணங்களிலை, டீச்சர் பயிற்சிக்கு வந்த பொம்பிளையள் தங்களுக்குள்ளையே பிள்ளையளா நடிச்சுத்தான் படிப்பிச்சுப் பழகினவை,” என்றேன்.

“அப்ப நீ பிள்ளையா இரு. குழப்படி செய்யாதை.”

பின்னங்களை வகுக்கும் கணக்கை விளக்கினாள்.

“விளங்கேல்லை டீச்சர்.”

“பகிடியை விடடி.”

“உண்மையா விளங்கேல்லை. பள்ளிக்கூடத்திலையும் விளங்கேல்லை. கேக்க வெக்கம்.”

வதனி சிரிக்கவில்லை. அருகில் வந்து அமர்ந்தாள். “எந்த இடத்திலை பிடிபடாமல் போச்சு?” என்று கேட்டு, அங்கிருந்து மெதுவாகத் தொடங்கினாள். எனக்கு விளங்கியது.

மறுநாள் அவள் தேறினாள். அந்த ரஷ்ய மாணவிகளில் எத்தனை பேர் நடிப்பை மறந்து, உண்மையாகவே விளங்கவில்லை என்று கையுயர்த்தியிருப்பார்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.